லுபெர்ட் ரையர்ஸின் வலது தோள்

மேடையில் வீற்றிருக்கும் ஓவியர் சங்கத் தலைவர் பாரென்ட் அவர்களே! சங்கத்தின் மூத்தோரே! சவப்பெட்டியைச் சுமந்துபோய் அடக்கம் செய்துவிட்டு வந்து, மழையில் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் தோழர்களே! இறந்தவரின் உடலைக் கழுவி, வெள்ளை உடுத்தி அனுப்பிய அண்டை வீட்டாரே! வெளுப்புத் தோட்டங்களில் துணியை அப்படியே புல்லில் விரித்துப் போட்டுவிட்டு வந்து, அந்தப் பக்கத்துப் பெஞ்சுகளில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் பெண்களே! எல்லாருக்கும் மேலாக, முன்வரிசையில் கறுப்புடையில் இருக்கும் லுபெர்ட்டின் மனைவி, அம்மா யூடித் அவர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் எல்லாரையும் வணங்குகிறேன்.

என் பெயர் யோரிஸ். கரிக்கோல் பிடித்துப் பிழைப்பவன். லுபெர்ட் ரையர்ஸுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, பாதி ஆயுளைப் படம் வரைந்தும் மீதியை அவரோடு சண்டை போட்டும் கழித்தவன்.

நான் பேச எழுந்தபோது தலைவர் என் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்ததை முன்வரிசைக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். என்ன சொன்னார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். “யோரிஸ், சுருக்கமா முடிச்சுக்கய்யா. நல்ல மனுஷன், நல்ல ஓவியர், கர்த்தர்கிட்ட போயிட்டாரு. அதோட உக்காந்துடு. அந்த மாடி அறையப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத” என்றார். தலைவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மீனவனைப் பற்றிப் பேசு, கடலைப் பற்றிப் பேசாதே என்றால் எப்படி? அந்த மாடி அறையை விட்டுவிட்டால் லுபெர்ட்டைப் பற்றிப் பேச என்னிடம் என்ன இருக்கிறது?

இதோ, கதவு திறக்கிறது. வாருங்கள் ஐயா, வாருங்கள். கனம் பொருந்திய நகரக் காவல் தலைவர் ஹேமெர்ட் அவர்களே, வணக்கம். உடன் வந்திருக்கும் இரண்டு காவலர்களுக்கும் வணக்கம். கதவோரம் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, உட்காருங்கள். காவலர்கள் நிற்கட்டும், நிற்பது அவர்கள் உத்தியோகம். தாமதமாக வந்ததற்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். எங்கள் சங்கத்தில் கடைசியாக வருபவருக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சபையோரே! துக்கம் விசாரிக்க வருகிறவர் காவலர்களைக் கூட்டிக்கொண்டா வருவார்? ஐயா எதற்கு வந்திருக்கிறார் என்று இங்கே தெரியாதவர் யார்? ஒரு பெண்ணைத் தேடி வந்திருக்கிறார். அவள் பெயர் அவருக்குத் தெரியாது. முகம் தெரியாது. வலது தோளில் பழைய வெந்த தழும்பு இருக்கும் என்பது மட்டும் தெரியும். லுபெர்ட்டின் சாவுக்கு அவள் வராமல் இருக்கமாட்டாள், வந்தால் அழாமல் இருக்கமாட்டாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். பிடிபட்டால் என்ன ஆகும்? முதுகில் பிரம்படி, பிறகு நாளெல்லாம் நூல் நூற்கவைக்கும் பெண்கள் சிறை, அதன்பின் ஊரைவிட்டே துரத்தல். எந்தக் குற்றத்துக்கு? திருடினாளா? யாரையாவது ஏமாற்றினாளா? இல்லை! நாங்கள் பார்த்து வரைவதற்காக ஒரு பலகை மேடையில் அசையாமல் நின்றாள்!

ஆகவே, மேலே பேசுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். ஓவியத் தோழர்களே, இந்தக் கூட்டம் முடியும்வரை நீங்கள் யாரும் பெண்கள் பக்கம் திரும்பக் கூடாது. காரணம் உங்களுக்கே தெரியும். ஊரார் ஆளை முகத்தால் அடையாளம் காண்கிறார்கள். நாம் அப்படியா? இடுப்பில் எந்தப் பக்கம் பாரம் விழுகிறது, கழுத்து எந்த இடத்தில் தோளில் இறங்குகிறது என்பதைப் பார்த்தே நாம் சொல்லிவிடுவோம். எத்தனை சால்வை போர்த்தியிருந்தாலும் நம் கண்ணுக்குத் தப்பாது. நம் கண் ஓரிடத்தில் நின்றால் போதும், ஐயாவின் கண்ணும் அங்கே வந்து நிற்கும். அதனால் எதிர்ச்சுவரைப் பாருங்கள். பழைய தலைவர்களின் படங்கள் மாட்டியிருக்கின்றன. அவற்றில் சில படங்கள் பார்க்கச் சகிக்காது. இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் பேசப் போகிறேன்.

பெண்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அழுகை வந்தால் எல்லாரும் சேர்ந்து அழுங்கள். ஒருத்தியைத் தனியாக அழவிட வேண்டாம்.

லுபெர்ட் ரையர்ஸ் யார்? அரண்மனைகளுக்குப் படம் வரைந்தவரா? இல்லை. வண்ணம் தீட்டிய பலகைகளில் அவர் நடுத்தரம்தான், இதைச் சொன்னால் சவப்பெட்டிக்குள்ளிருந்து அவரே ஆமாம் போடுவார். ஆனால் நீலத் தாளில் கறுப்புச் சுண்ணக்கட்டியால் ஒரு முதுகை வரைவாரே, அந்த முதுகை யார் வரைய முடியும்! கடைசியாக வெள்ளைக் கட்டியை எடுத்து, தோள்பட்டை எலும்பின் மேல் ஒரே ஒரு தீற்றல் வைப்பாரே, அந்த வெளிச்சத்தை யார் வைக்க முடியும்! தாளில் இருப்பவன் மூச்சு விடுகிறானா என்று நான் குனிந்து பார்த்திருக்கிறேன், சபையோரே.

ஆம்ஸ்டர்டாமில் பெரிய கைகள் தங்கள் வீட்டிலேயே ஆளை நிறுத்தி வரைவார்கள். நம் ஊரில் யாருக்கு அந்த வசதி? எல்லாருக்கும் சேர்த்து ஓர் அறை, எல்லாருக்கும் சேர்த்து ஒரு விளக்கு, எல்லாருக்கும் சேர்த்து ஓர் ஆள் என்று யோசித்தது லுபெர்ட். பீர் காய்ச்சும் ஆலையின் மாடியைக் கேட்டு வாங்கியது லுபெர்ட். குளிர்கால வியாழக்கிழமைகளில் பொழுது சாயும்போதே போய் விளக்குத் திரியைக் கத்தரித்து வைப்பது லுபெர்ட். எங்கள் எல்லார் சட்டையிலும் கரி, எல்லார் தலையிலும் ஊறிய வாற்கோதுமை வாசனை. சொர்க்கத்துக்கு வேறு வாசனை இருக்கும் என்று நான் நம்பவில்லை.

அங்கேதான் எங்கள் சண்டையும். அவர் சுண்ணக்கட்டிக்காரர், நான் கரிக்காரன். கரியில் போட்ட கோடு பிடிக்கவில்லை என்றால் ரொட்டியைப் பிசைந்து ஒற்றி எடுத்துவிடலாம். சுண்ணக்கட்டிக் கோடு அவ்வளவு சுலபத்தில் போகாது. வாராவாரம் என்னைப் பார்த்து, “யோவ் கரிக்காரா, இன்னிக்கு எத்தன ரொட்டி தின்னுச்சு உன் படம்?” என்று கேட்பார்.

“தப்பாப் போட்ட கோட்ட உன்ன மாதிரி அப்படியே விட்டுட்டுப் போகவா?” என்பேன் நான்.

“விட்டுட்டுத்தான் போகணும். தப்பு எங்க நடந்துச்சுன்னு தெரியட்டும்யா. அப்பதான் அடுத்த கோடு ஒழுங்கா விழும்.”

இதற்கு நான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. இன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் எதிர்த்துப் பேச ஆளைக் காணோம்.

அந்த அறையில் அவர் போட்ட விதிகள் சில. முதல் விதி: அடுப்பு எங்கள் பக்கம் இருக்கக் கூடாது, நிற்பவர் பக்கம் இருக்க வேண்டும். கை விறைக்கிறதே என்று நாங்கள் முணுமுணுத்தால், “நமக்குக் கோட்டு இருக்கு. அவனுக்கு என்னய்யா இருக்கு?” என்று ஒரு கேள்வி. அதோடு நாங்கள் அடங்கிவிடுவோம். இன்னொரு விதி, மேடையில் நிற்கவேண்டிய ஆள் வராத வியாழனுக்கானது. அன்று கடைசியாகப் படியேறி வந்தவர் யாரோ, அவர் சட்டையைக் கழற்றிவிட்டு மேடையில் ஏற வேண்டும். சங்கத் தலைவராக இருந்தாலும் சரி, நகரசபை உறுப்பினரின் மருமகனாக இருந்தாலும் சரி. தலைவர் பாரென்ட் அவர்களே ஏறவில்லையா? அவருடைய வயிறு இன்றும் ஒரு பீர் வியாபாரியின் கூடத்தில் மது தெய்வத்தின் வயிறாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. என் கால்களைப் பார்க்க வேண்டுமா? குளிக்கப் போகும் ஒரு மகாராணியின் கால்களாக இருக்கின்றன, மயிரை மட்டும் விட்டுவிட்டார்கள். ஆண் உடம்பைப் பார்த்துப் பெண்ணை வரைவது எங்களுக்குப் புதிதல்ல. இதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் ஒரு குளிர்காலத்தில், ஒரு வியாழன் மாலை, நிஜமாகவே ஒரு பெண் வந்தாள். பின்படி வழியாக வந்தாள். தலைமேல் ஒரு துணி, முகம் முழுக்க மூடியிருந்தது. மேடையில் ஏறி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். வலது தோளில் பழைய வெந்த தழும்பு. வெளுப்புத் தோட்டத்தில் வேலை செய்பவள் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. துணி வேகவைக்கக் கொதிக்கும் சாம்பல் காரத் தண்ணீர் தெறிக்காத உடம்பு அந்தத் தோட்டங்களில் ஏது?

நான் லுபெர்ட்டின் காதோரம், “யாருய்யா இது?” என்று கேட்டேன்.

“வேலைக்கு வந்திருக்காங்க. நீயும் உன் வேலையப் பாரு.”

“பேராவது சொல்லேன்.”

“பேரு தெரிஞ்சா ஒருநாள் நாக்கு அடங்காது, யோரிஸ். தெரியலேன்னா உனக்கும் பயமில்ல, அவங்களுக்கும் பயமில்ல.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே, காவல் தலைவர் அவர்களே, நீங்கள் எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிறுத்தி எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். அவள் பெயர் எங்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒருவரைச் சற்று முன்புதான் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தோம்.

வினை எப்படி வந்தது? சுண்ணக்கட்டிப் படத்தின்மேல் ஈரத் தாளை விரித்து அழுத்தித் தேய்த்தால், அந்தப் படம் மங்கலாக இந்தத் தாளிலும் இறங்கும். ஒரு நல்ல படம் அமைந்தால் இப்படி ஒற்றியெடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்வோம். இதில் ஒரு சங்கதி உண்டு. ஒற்றியெடுத்த தாளில் வலது இடதாகிவிடும், இடது வலதாகிவிடும். எங்களுக்கு இது மூச்சுவிடுவதுபோல் பழகிப்போனது. ஊருக்குத் தெரியுமா? அந்தப் பெண்ணின் முதுகை லுபெர்ட் வரைந்த படத்தின் ஒற்றுத்தாள் ஒன்று எங்கள் கையைவிட்டுப் போய், சந்தையில் படங்களுக்குச் சட்டம் போடும் ஒரு கடையில் தொங்கியது. தழும்பு இடது தோளில்.

தேவாலய மூப்பர் ஒருவர் அதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார் என்று கடைக்காரர் சொன்னார். வெளுப்புத் தோட்டத்தில் இடது தோள் வெந்தவள் யார் என்று விசாரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? யாரோ நேல் க்ளாஸின் பெயரைச் சொன்னார்கள். எங்கள் மாடிப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அறியாத நேல்! ஈரத் துணியோடு அவரை இழுத்துப் போனார்கள். இதோ, இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். எந்தப் பெஞ்சு என்று நான் பார்க்கவில்லை.

சாட்சியாக லுபெர்ட்டை நகரசபைக்கு அழைத்தார்கள். அவர் சத்தியம் செய்யாத சபையைச் சேர்ந்தவர். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. அந்தச் சபைக்காரர் வாயில் பொய் வராது என்பதால் சத்தியம் இல்லாமலே அவர் சொல்லை ஏற்றுக்கொள்வது இந்த ஊர் வழக்கம். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். தாளை மேசைமேல் போட்டு, “இது நீர் வரைஞ்ச படமா?” என்று கேட்டார் காவல் தலைவர்.

“இல்லீங்க. நான் வரைஞ்ச படத்துமேல வெச்சு ஒத்தி எடுத்த தாளு.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஒண்ணு இல்லீங்க. எழுத்தர் ஐயா, உங்க பேனாவால நாலு சாய்கோடு போடுங்க. பாத்தீங்களா, வலப்பக்கமா சாஞ்சு மேல போகுது. நானும் வலதுகைக்காரன். இந்தத் தாள்ல என் கோடு எல்லாம் இடப்பக்கமா சாஞ்சிருக்கு. நான் எப்பங்க இடதுகைக்காரன் ஆனேன்?”

அதோடு விட்டாரா? ஒரு தாளையும் சுண்ணக்கட்டியையும் எடுத்தார். எதிரே உட்கார்ந்திருந்த காவல் தலைவரையே அவசரமாக வரைந்தார். தொப்பி, மீசை, இடுப்பில் வாள். ஈரத் தாளை வைத்துத் தேய்த்தார். உரித்துக் காட்டினார். இடது இடுப்பில் இருந்த வாள் வலது இடுப்புக்குப் போயிருந்தது! நகரசபை சிரித்தது. வழக்கே சிரிப்பாய்ச் சிரித்தது. இடது தோள் வெந்த நேல் க்ளாஸ் விடுதலை.

காவல் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. “அப்படின்னா, வலது தோள் வெந்தவ எவளோ அவதான். யாரு அவ?” என்று கேட்டார்.

சபையோரே, அந்தக் கணத்தை நினைத்துப் பாருங்கள்! ஒரு பெண்ணைக் காப்பாற்றிய அதே வார்த்தை இன்னொரு பெண்ணின் கழுத்தில் கயிறாக விழுந்ததே! “அத நான் சொல்லமாட்டேன்” என்றார் லுபெர்ட். அவ்வளவுதான். மிரட்டினார்கள், கெஞ்சினார்கள். சொல்லமாட்டேன் என்றால் சொல்லமாட்டேன். கடைசியில் ஒரு தீர்மானம் போட்டார்கள். பனி உருகி வெளுப்பு வேலை தொடங்கும் முதல் நாள், தோட்ட வாசலிலேயே ஒவ்வொரு பெண்ணையும் நிறுத்தி வலது தோளைத் திறந்து பார்ப்பது என்று.

அந்தக் குளிர்காலத்தில் அவர் வரையவில்லை. முக்காலியில் உட்கார்ந்து அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். அடுப்பில் விறகுக்குப் பதிலாக எரியும் சதுப்பு மண்கட்டியை வரையப் பார்க்கிறார் என்று நான் கேலிகூடச் செய்தேன்.

அதன்பின் நடந்ததை அம்மா யூடித் முந்தாநாள்தான் என்னிடம் சொன்னார். இங்கே சொல்லலாமா என்று கேட்டேன். “சொல்லிடுங்க. ஊரே அரைகுறையாப் பேசுது. முழுசாத்தான் கேக்கட்டுமே” என்றார். ஒரு காலை நேரம். அந்தப் பெண்ணின் அசல் படத்தைச் சுவரில் குத்தி வைத்து, பக்கத்தில் கண்ணாடியை நிறுத்தி, சட்டையில்லாமல் முதுகைக் காட்டி நின்றிருக்கிறார் லுபெர்ட். அடுப்பில் இடுக்கி பழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது.

“என்னங்க பண்றீங்க?”

“நீ அந்தப் பக்கம் போ, யூடித்.”

கண்ணாடியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், இடுக்கியை எடுத்தார். ஆயுள் முழுக்க வலத்தையும் இடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்த மனுஷன்! நகரசபைக்கே பாடம் எடுத்த மனுஷன்! அவருக்கே கண்ணாடி முன்னால் குழம்பிவிட்டது. “ஐயோ, அது இடது தோளுங்க!” என்று அம்மா கத்தியிருக்கிறார். இடுக்கி நின்றது.

பிறகு என்ன நடந்தது என்று அம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படத்தில் தழும்பு இருப்பது தோளின் பின்பக்கம். அங்கே தன் கையால் எட்டுவது கடினம் என்று யாராவது சொல்லக்கூடும். லுபெர்ட்டின் கை நீளமான கை. எட்டியிருப்பார் என்று நாம் எல்லாரும் நம்புவோம்.

வெளுப்பு தொடங்குவதற்கு முன்பாகவே அவர் தானாக நகரசபைக்குப் போனார். அதற்குள் காயம் மேலே பொருக்குத் தட்டியிருந்தது. சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றார், பக்கத்தில் அசல் படத்தைப் பிடித்துக்கொண்டார். கடைசியாக வந்தவன் மேடையேறும் எங்கள் வழக்கம் நகரசபைக்குத் தெரியும். ஆண் உடம்பிலிருந்து பெண் வருவதும் தெரியும். ஓர் உறுப்பினர், “அடக் கடவுளே! இந்தக் கெழவன் முதுகப் பாத்தா அந்தப் பொண்ணு வந்தா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நீர்தானா அது? வாயத் தொறந்து சொல்லும்” என்றார் காவல் தலைவர்.

“வாயால என்னத்தச் சொல்றது? கண்ணால பாத்துக்குங்க” என்றார் லுபெர்ட்.

பார்த்தார்கள். நெருங்கிப் பார்க்கக் கூச்சப்பட்டு, தள்ளி நின்று பார்த்தார்கள். தோட்ட வாசல் சோதனை ரத்தானது. வெளுப்புப் பெண்கள் வழக்கம்போல் வேலைக்குப் போனார்கள்.

அவர் பொய் சொன்னாரா? இதோ, அவருடைய சபையார் இரண்டாம் வரிசையில் இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். வாயால் சொன்னால்தான் பொய்யா, தோளால் சொன்னால் பொய்யில்லையா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவரும் தன்னைத்தானே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றுமுதல் திருவிருந்து நாளில் அவர் உங்களோடு அப்பம் பிட்கவில்லை, கடைசிப் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அழிக்க முடியாத கோட்டைப் போட்டுவிட்டு, அது தப்பா சரியா என்று தெரியாமலே அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! எனக்கு இருக்காது. நான் ரொட்டியைத் தேடியிருப்பேன்.

பொருக்குக்கு அடியில் காயம் ஆறவேயில்லை. வைத்தியரிடம் காட்டினால் புதுக் காயம் என்று தெரிந்துவிடும், ஆகவே காட்டவில்லை. சட்டைக்குள்ளேயே சீழ் பிடித்தது. கோடை முழுக்கக் காய்ச்சல். குளிர் திரும்பியதும், கடைசியாக ஒரு வியாழன் மாடியேறி வந்தார், சுண்ணக்கட்டியைப் பிடிக்கக் கை உயரவில்லை. “கரியக் குடுய்யா, யோரிஸ். லேசா இருக்கும்” என்றார். என் கரியை அவர் கேட்டது அந்த ஒரு தடவைதான். சண்டையில் ஜெயித்தேன், சபையோரே. அந்த வெற்றியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உடலைக் கழுவிய அண்டை வீட்டார் அந்தக் காயத்தைப் பார்த்தார்கள். பழைய தழும்பு அல்ல, பச்சைப் புண். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஐயோ பாவம் என்றுதான் சொன்னார்கள். அந்த ஐயோ பாவம் தெருத் தெருவாகப் போய்க் காவல் தலைவரின் காதில் விழுந்தது. அதனால்தான் ஐயா இன்று…

என்ன அது? பெண்கள் பக்கம் பெஞ்சு நகரும் சத்தம் கேட்கிறது.

யாரோ எழுந்திருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை. தோழர்களே, சுவர்! சுவரைப் பாருங்கள்! ஒருவர் கண்ணும் திரும்பக் கூடாது!

எழுந்தவர் யாராக இருந்தாலும் கேளுங்கள். வாய் திறக்காதீர்கள். உங்கள் நெஞ்சு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். என்னால் ஒரு மனுஷன் செத்தான், இனி நான் எதற்கு ஒளிய வேண்டும் என்று சொல்கிறது. வேண்டாம் தாயே. அவர் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அது அவர் தோள். அவர் மனசார வைத்த கோடு. அதை ரொட்டியால் துடைக்க உங்களுக்கு உரிமையில்லை.

சபையோரே! மௌன அஞ்சலிக்கான நேரம் வந்துவிட்டது. எல்லாரும் எழுந்து நில்லுங்கள்! அம்மா யூடித், எழுந்திருங்கள். நேல் அம்மா, எழுந்திருங்கள். வெளுப்புத் தோட்டத்துப் பெண்களே, ஒருவர் விடாமல் எழுந்திருங்கள். தலைவரே, நீங்களும்தான். சத்தியம் செய்யாத சபையாரே… நன்றி. நீங்களும் எழுந்துவிட்டீர்கள். இதை நான் மறக்கமாட்டேன்.

அமைதி காப்போம்.

யாரும் உட்கார வேண்டாம், இப்படியே நில்லுங்கள். காவல் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான். நன்றாகப் பாருங்கள். இவர்களில் முதலில் எழுந்தவர் யார் என்று சொல்லுங்கள். தெரியவில்லையா? எங்களுக்கும் தெரியவில்லை. நாங்கள் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனி உறுதிமொழி. இரங்கல் உரை என்றால் கடைசியில் உறுதிமொழி வேண்டும் அல்லவா? மாடி அறையின் சாவி என் பையில் இருக்கிறது. அதைத் தலைவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று பேச்சு அடிபடுகிறது. ஒப்படைக்கமாட்டேன். மன்னித்துவிடுங்கள், பாரென்ட். நீங்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. ஆமாம் என்று ஆட்டுகிறீர்களா, இல்லை என்று ஆட்டுகிறீர்களா என்பது தெரியவில்லை. ஆமாம் என்றே எடுத்துக்கொள்கிறேன். அந்த அறை திறந்திருக்கும். அடுப்பு நிற்பவர் பக்கமே இருக்கும். முகத்தைத் துணியால் மூடி வருபவரிடம் பெயர் கேட்கமாட்டோம். லுபெர்ட்டின் முக்காலி அவர் இடத்திலேயே இருக்கும்.

இன்று என்ன கிழமை? வியாழன். அவரைப் புதைத்த நாள் என்று விளக்கை ஏற்றாமல் விட்டால் அவர் நம்மை மன்னிக்கமாட்டார். இன்னும் சற்று நேரத்தில் மாடிக்குப் போகிறோம். தாள் இருக்கிறது, கட்டி இருக்கிறது, கரி இருக்கிறது. ஒன்றுதான் குறை. இன்று மேடையில் நிற்கவேண்டிய படகோட்டி, சவப்பெட்டியைச் சுமந்து தோள் கன்றிப்போய் அதோ சாய்ந்து நிற்கிறார். அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டோம்.

ஆள் வராத வியாழனுக்கு விதி என்ன, தோழர்களே? கடைசியாக வந்தவர் யார்?

எழுந்திருங்கள் காவல் தலைவர் அவர்களே. அன்று நகரசபையில் லுபெர்ட் உங்களை வரையத் தொடங்கினார். அவசரத்தில், தொப்பியோடும் வாளோடும் அப்படியே விட்டுவிட்டார். அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற பணியை நாங்கள் முடிப்போம் என்று, அவர் மனைவியின் முன்னிலையில், இந்தச் சபையறிய உறுதி கூறுகிறேன். குளிருமே என்று பயப்பட வேண்டாம், அடுப்பு உங்கள் பக்கம்தான் இருக்கும். வாளையும் சட்டையையும் ஆணியில் மாட்டிவிட்டு மேடையேறுங்கள்.

வலது தோளிலிருந்து ஆரம்பிப்போம்.